சரக்குச் சைடுகார்: பழைய மோட்டார் சைக்கிளின் மீட்டெடுப்பும் மரப்பெட்டிக் கட்டுமானமும்

சரக்குச் சைடுகார் என்பது மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் தனிச் சட்டத்தின் மேல் பொருத்தப்பட்டு, ஒற்றைச் சக்கரத்தில் உருண்டு, பயணிக்குப் பதிலாகப் பால், ரொட்டி, தபால், கருவிகள் போன்றவற்றைச் சுமக்கும் மூடிய பெட்டியாகும். தொடக்க காலத்தில் இப்பெட்டி மரத்தால் கட்டப்பட்டது. பழைய வண்டியை மீட்டெடுப்போர் இன்றும் மரத்தையே நாடுவதால், இக்கலையில் மெக்கானிக்கின் பட்டறையும் தச்சரின் பட்டறையும் ஒன்றுசேர்கின்றன. தேவைப்படும்போது பூட்டவும் வேண்டாதபோது கழற்றவும் இயல்வதே சைடுகாரின் அடிப்படைப் பண்பு. அதன் வரலாறு, பொறியியல், சட்டநிலை ஆகிய மூன்றும் இப்பண்பைச் சார்ந்தே அமைந்துள்ளன.

தோற்றம்

இங்கிலாந்தில் 1903 ஜனவரியில் 'மோட்டார் சைக்கிளிங்' இதழின் கேலிச்சித்திரம் ஒன்றில் சைடுகார் தோன்றியது. அதே மாதம் என்ஃபீல்டு நகரைச் சேர்ந்த கிரகாம் சகோதரர்கள் நிறுவனத்தின் டபிள்யூ. ஜே. கிரகாமுக்கு அதற்கான தற்காலிகக் காப்புரிமை கிடைத்தது. 1912இல் தொடங்கப்பட்ட வாட்சோனியன் போன்ற நிறுவனங்கள் பயணியர் சைடுகாரைப் பரப்பிய காலத்திலேயே, கார் வாங்க இயலாத சிறு கடைக்காரர்கள் அதே சட்டத்தின் மேல் மரப்பெட்டியை ஏற்றி வீடுவீடாகச் சரக்கு அனுப்பினர். பிரிட்டனின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏ, சாலையில் பழுதாகி நிற்கும் கார்களைச் சரிசெய்யும் தன் பணியாளர்களுக்குக் கருவிப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள்களை வழங்கியது. 1922இல் வந்த ஆஸ்டின் செவன், 1959இல் வந்த மினி ஆகிய மலிவான சிறு கார்கள் சைடுகாரின் சந்தையைப் படிப்படியாகச் சுருக்கின.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவம் கழித்துவிட்ட பிஎஸ்ஏ எம்20, நார்ட்டன் 16ஹெச் போன்ற வண்டிகள் இந்தியாவில் பொதுமக்கள் கைக்கு வந்தன. டெல்லியில் போர்க்கால ஹார்லி-டேவிட்சன்களின் பின்பாதியை மாற்றிப் பயணியர் கூடு கட்டிய 'பட்பட்டி' வண்டிகள் பல பத்தாண்டுகள் ஓடின.

தமிழகத்தின் கதை வேறு வழியில் சென்றது. 1949இல் கே. ஆர். சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் பிரிட்டிஷ் வண்டிகளை இறக்குமதி செய்தது. 1955இல் அது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கியது. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்தும், 1960களில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தும் புல்லட் என்ற மோட்டார் சைக்கிள் தயாரிக்கப்பட்டது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்ட பின்னரும், 70 மில்லிமீட்டர் துளையும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அதே 346 சிசி எஞ்சின் அடிப்படை மாறாமல் 2000களின் இறுதிவரை வெளிவந்தது. 1950களின் புல்லட்டை மீட்டெடுப்போருக்குத் தமிழகத்தில் உதிரிப்பாகமும் கைப்பழக்கமுள்ள மெக்கானிக்கும் கிடைப்பதற்கு இந்த நீண்ட தொடர்ச்சியே காரணம். கீழ்ச்சுழற்சியிலேயே வலுவாக இழுக்கும் இந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், சுமை பூட்டுவதற்கும் ஏற்றது.

தருமபுரி வட்டாரம்

சரக்குச் சைடுகாரின் வேலையைத் தமிழகத்தில் எது செய்தது என்பதைத் தருமபுரி வட்டாரம் காட்டுகிறது. தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்தபோது ஓசூரும் அதில் அடங்கியிருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானபோது ஓசூர் அதனுடன் சென்றது. ஒன்றுபட்ட மாவட்டமாக இருந்த காலத்தில்தான் ஓசூரில் சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் மொபெட் பிரிவு 1980இல் இருவர் அமரும் டிவிஎஸ் 50 வண்டியைக் கொண்டுவந்தது. 1984இல் சுசுகியின் கூட்டுறவோடு இண்ட்-சுசுகி 100 சிசி மோட்டார் சைக்கிளும் அங்கிருந்தே புறப்பட்டது. பால்கேனையும் காய்கறி மூட்டையையும் முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு ஊர்ச்சந்துகளில் நுழையும் மொபெட், பிற நாடுகளில் சரக்குச் சைடுகார் செய்த வேலையைக் குறைந்த விலையிலும் குறைந்த பெட்ரோலிலும் இங்கே செய்து முடித்தது. மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளும், 2005இல் வந்த டாடா ஏஸ் போன்ற குட்டி லாரிகளும் எஞ்சிய தேவையை நிறைவேற்றின.

எனினும் மீட்டெடுப்புக் கலைக்கு இவ்வட்டாரத்தின் இருப்பிடம் சாதகமானது. மேற்கே மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி வண்டிகளைத் தயாரித்தது. தெற்கே நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரிக்கும், கரூர் பேருந்துக்கும் கூடு கட்டுவதில் பெயர் பெற்றவை. ஓடும் சட்டத்தின் மேல் உதறலைத் தாங்குமாறு கூட்டை ஏற்றும் அந்த அறிவே, சிறிய அளவில், சைடுகார் பெட்டிக்கும் வேண்டியதாகும்.

வண்டியை மீட்டெடுத்தல்

முதற்பணி எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுவதாகும். வண்டியின் ஆண்டும் உண்மைத்தன்மையும் இதில்தான் உறுதிப்படும். அதன்பின் வண்டி முழுவதும் பிரிக்கப்பட்டு, பாகங்கள் மண்ணெண்ணெயில் கழுவப்படும். சிலிண்டரின் தேய்மானம் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளக்கப்பட்டு, லேத் பட்டறையில் அதன் உட்துளை சற்றே பெரிதாகக் கடையப்பட்டு, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்தப்படும். பழைய புல்லட்டில் பிஸ்டனின் ஆட்டத்தைக் கிராங்கிற்குக் கடத்தும் கனெக்டிங் ராடின் பெரிய முனை, உருளை பேரிங்கில் அமராமல், இரு புறமும் எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழலும் புஷ்ஷில் அமர்ந்திருப்பதால், ஆயில் பம்பையும் எண்ணெய் வழிகளையும் தூய்மையாக்காமல் பூட்டப்படும் எஞ்சின் விரைவில் கெட்டுவிடும். சைடுகார் பூட்டவிருக்கும் வண்டியில் எஞ்சின் பக்கப் பல்சக்கரத்தைப் பற்கள் குறைந்ததாக மாற்றினால் வேகம் குறைந்து இழுவிசை கூடும்.

மரப்பெட்டி

பிரிட்டனில் ஆஷ் மரச் சட்டகத்தின் மேல் பிளைவுட் பலகை அறைவது வழக்கம். தமிழகத்தில் கரையானை எதிர்க்கும் தேக்கு அதற்கு ஈடாகிறது. ஈரம் வற்றாத மரம் வெயிலில் சுருங்கி மூட்டுகளைத் தளர்த்தும் என்பதால், நன்கு உலர்ந்த மரமே தேர்ந்தெடுக்கப்படும். ஒரு கட்டையின் முனையை நாக்குபோல் ஒடுக்கி, மறு கட்டையில் உளியால் கொத்திய துளைக்குள் இறுக்கி, பசையிட்டு முளையடிக்கும் மூட்டே மூலைகளுக்கு உரியது. ஆணி மட்டும் அடித்த மூட்டு உதறலில் கழன்றுவிடும். நீர் தாங்கும் பிளைவுட் துருப்பிடிக்காத பித்தளைத் திருகுகளால் பிணைக்கப்பட்டு, கூரைமேல் கான்வாஸ் இழுத்துக் கட்டி எண்ணெய் வண்ணம் பூசப்படும். இரும்புச் சட்டத்தின் முறுக்கம் மரத்தை எட்டாதிருக்க, பெட்டி ரப்பர்த் திண்டுகள் அல்லது வில்தகடுகளின் மேல் அமர்த்தப்படும்.

இணைப்பும் ஓட்டமும்

சாலையின் இடப்புறம் செல்லும் இந்தியாவில் சைடுகார் வண்டியின் இடப்பக்கத்தில் பூட்டப்படும். வழக்கமாக நான்கு இடங்களில் பிணைத்து, மூன்று அளவுகள் சரிபார்க்கப்படும். சைடுகாரின் சக்கரம் வண்டியின் பின்சக்கரத்தைவிட ஏறக்குறைய ஒரு சாண் முன்னால் நிற்க வேண்டும். அச்சக்கரம் முன்பக்கம் வண்டியை நோக்கி 12 முதல் 25 மில்லிமீட்டர் வரை ஒடுங்க வேண்டும். வண்டி சைடுகாருக்கு எதிர்ப்புறம் ஓரிரு பாகை சாய வேண்டும். இச்சாய்வு, சுமை ஏறி ஓடும்போது வண்டி நிமிர்ந்து நிற்க உதவுகிறது. முடுக்கும்போது வண்டி இடப்பக்கமும், பிரேக் பிடிக்கும்போது வலப்பக்கமும் இழுக்கும். பெட்டி காலியாக இருக்கையில் இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் சைடுகாரின் சக்கரம் தரையைவிட்டு எழும். ஆகவே பெட்டியின் அடியில் எடைக்கட்டி வைப்பது பாதுகாப்பானது.

சட்டநிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(27), கூடுதல் சக்கரமுள்ள கழற்றத்தக்க சைடுகாரையும் உள்ளடக்கியே மோட்டார் சைக்கிளை வரையறுக்கிறது. பிரிவு 52, பதிவுச் சான்றிதழின் விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்து, சட்டகமும் எஞ்சினும் மாற்றப்படாத இரு சக்கர வாகனங்களும் நான்கு சக்கர வாகனங்களும் 'விண்டேஜ்' எனச் சிறப்புப் பதிவு பெறலாம். கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே அவ்வாகனங்கள் சாலைக்கு வரலாம். அன்றாடப் பயன்பாடும் வணிகப் பயன்பாடும் கூடாது. எனவே, சிறப்புப் பதிவு பெற்ற வண்டியின் மரப்பெட்டியில் ரொட்டி விற்க இயலாது.

நல்ல மீட்டெடுப்பின் அளவுகோலும், சட்டகம் மாற்றப்படக் கூடாது என்ற இவ்விதியோடு பொருந்துகிறது. வண்டியின் சட்டத்தில் துளையிடாமலும் பற்றவைக்காமலும் இறுக்குப் பட்டைகளால் மட்டும் சைடுகாரைப் பிணைப்பவர், பூட்டிய நிலையில் ஒரு தொழிற்காலத்தின் சாட்சியையும், கழற்றிய நிலையில் ஆலை அனுப்பிய வடிவம் குலையாத வண்டியையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார். இரண்டில் ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிக்கும் வேலை எவ்வளவு பளபளத்தாலும் மீட்டெடுப்பு ஆகாது.