பாஸ்வேர்டுக்கு முன்னால்

பொட்டிபுரத்திலிருந்து பஸ் ஏறி போடிக்குப் போய்த்தான் நான் கம்ப்யூட்டரைத் தொட்டேன். பிரவுசிங் சென்டர் அண்ணன் வந்து பாஸ்வேர்டு அடிச்சாதான் உள்ளே போக முடியும்னு நம்பியிருந்தோம். ஒருநாள் கூட வந்தவன் எஸ்கேப் பட்டனைத் தட்டினான். விண்டோஸ் 98 மறுபேச்சு பேசாமல் திறந்துகொண்டது.

இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் புரிந்தது, அது பூட்டே இல்லை. யாருடைய டெஸ்க்டாப்பைக் காட்டணும் என்பதற்காகக் கேட்ட கேள்வி, அவ்வளவுதான்.

பூட்டு அதைவிடப் பழசு. 1961-ல் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழு உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். ஒரே மெஷினைப் பலருக்குப் பங்கிட்டது; அவரவர் ஃபைலைப் பிரிக்க பாஸ்வேர்டு வந்தது. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. பாஸ்வேர்டு ஃபைலையே பிரிண்ட் எடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்!

1993-ல் வந்த விண்டோஸ் என்.டி.யில் நிஜப் பூட்டு இருந்தது. சிக்கல் வேறு இடத்தில். லாகின் திரை சிஸ்டத்தின் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. அதில் திறக்கும் எதுவும் அதே அதிகாரத்தோடு திறக்கும். 2000-ல் விண்டோஸ் 2000-இன் சீன எழுத்து உள்ளீட்டு மென்பொருளில், லாகினுக்கு முன்பே வந்த உதவி மெனு வழியாக உள்ளே நுழைய முடிந்தது.

அப்போ எல்லாத்தையும் எடுத்துடலாமா? கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் ஒரே கையால் அழுத்த முடியாதவருக்காகத்தான் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வருகிறது. அதை எடுத்தால் திருடனோடு சேர்ந்து அவரும் வெளியேதான் நிற்பார்.

எங்க ஊரில் இந்தக் கேள்விக்கு வேறொரு முகம் உண்டு. போடியில் ஏலக்காய் ஏலம் கூவி நடந்தது. 2007-ல் மின்னணு ஏலமானது. 2021-ல் போடியும் புத்தடியும் கிளவுட் வழியாக இணைந்தன. விலை கேட்கும் உரிமை லாகின் உள்ள வியாபாரிக்குத்தான். மலையில் காயைப் பறித்து உலர்த்தி அனுப்பியவருக்கு அந்த லாகின் கிடையாது. ஆனா அன்றைய உச்ச விலையையும் சராசரி விலையையும் ஸ்பைசஸ் போர்டு வெளியிடுகிறது. பார்க்கப் பாஸ்வேர்டு வேண்டாம்.

இப்போது நானே லாகின் திரைகள் எழுதுகிறேன். எதை மூடணும்னு சொல்ல மீட்டிங்கில் எல்லோரும் இருக்கிறார்கள். வெளியே நிற்பவருக்கு எது தெரியணும்னு யாராவது ஒருத்தர் கேட்கணும்.