பினாங்கு வணிகத்தில் கணக்குக் காவலும் தரவுப் பாதுகாப்பும்: கிட்டங்கி முதல் 2024 சட்டங்கள் வரை

ஜார்ஜ்டவுன் நகரின் சுங்கை பினாங் வட்டாரத்தில் இன்று இயங்கும் சிறு வணிகங்கள், வாடிக்கையாளர் பட்டியலையும் வங்கி விவரங்களையும் பணியாளர்களின் அடையாள அட்டை எண்களையும் கணினியிலும் கைப்பேசியிலுமே வைத்திருக்கின்றன. இவை திருடு போவதும், பொய்யான ஆணையை நம்பிப் பணம் கைமாறுவதும் கணினியோடு வந்த சிக்கல்கள் என்று பலர் கருதுகின்றனர். தீவின் வணிக வரலாறு அக்கருத்துக்கு இடம் தரவில்லை. வந்த ஆணை மெய்யானதா என்பதை எப்படி உறுதிசெய்வது, பதிவேட்டைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் இரண்டு கேள்விகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு எழுந்துவிட்டன. முதற்கேள்விக்கு வணிகர்கள் விரைவிலேயே விடை கண்டனர். இரண்டாவதற்குச் சட்டம் மிகத் தாமதமாகவே விடை தந்தது.

பினாங்கு ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய வட்டித்தொழில் இதற்குத் தெளிவான சான்றாகும். கிட்டங்கி என்பது பல நிறுவனங்கள் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து தொழில் செய்த நீண்ட கூடம். அங்கே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மேசைப்பெட்டியும் இரும்புப் பெட்டகமும் சில சதுர அடி இடமும் மட்டுமே தனியுடைமையாக இருந்தன. செட்டிநாட்டிலிருந்த முதலாளி, பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு, அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்து ஏஜெண்டை அனுப்பினார். நிறுவனத்தின் பெயரெழுத்துகளால் ஆன ‘விலாசம்’ அதன் அடையாளமாக நின்றது. பேரேட்டிலிருந்து எடுத்த கணக்கு விவரங்கள் காலந்தோறும் ஊருக்கு அனுப்பப்பட்டதால், கடல் கடந்த கணக்கை முதலாளி அங்கிருந்தே சரிபார்க்க முடிந்தது. பினாங்கில் ஏடு அழிந்தாலும் கணக்கு முழுதும் அழிந்துவிடாது என்ற பயனும் அதில் அடங்கியிருந்தது. தவறிழைத்த ஏஜெண்டுக்குத் தன் சமூகத்துக்குள் வேறு வேலை கிடைப்பது அரிது என்பதே பூட்டைவிட வலிய காவலாக விளங்கியது.

எனினும் அக்காவல் யாருக்காக இருந்தது என்பதையும் நோக்க வேண்டும். கடன் வாங்கியவரின் நிலம், நகை, நாணயம் பற்றிய குறிப்புகள் பேரேட்டில் இருந்தன. அவை நிறுவனத்தின் சொத்தாகக் காக்கப்பட்டனவே தவிர, அக்குறிப்புகளுக்கு உரியவர் அவற்றின்மீது உரிமை கொண்டாட வழியே இருக்கவில்லை.

1870ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்துக் கடலடித் தந்திக்கம்பி இடப்பட்டபோது, முதற்கேள்வி புதிய வடிவம் பெற்றது. அதுவரை வேற்றூர் நிறுவனம் ஒன்று குறித்த தொகையைத் தருமாறு எழுதப்படும் உண்டியல், தெரிந்த கையெழுத்தாலும் அதனின்றும் தனியே வரும் அறிவிப்புக் கடிதத்தாலும் மெய்ப்பிக்கப்பட்டது. தந்தியிலோ கையெழுத்து இல்லை. இடையில் பலர் கைகளையும் கடந்தே அது வந்தது. எனவே வங்கிகள் தமக்குள் இரகசிய எண் அட்டவணைகளைப் பகிர்ந்துகொண்டு, தொகை, நாள், நாணயம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்ட சோதனை எண் ஒன்றைத் தந்தியிலேயே சேர்த்து அனுப்பும் முறையைக் கைக்கொண்டன. பெற்ற வங்கி அதே கணக்கைத் தானும் செய்து பார்த்து, எண் பொருந்தினால் மட்டுமே பணம் கொடுத்தது. ஆணை வந்த வழியை நம்பாமல் ஆணையையே சோதிக்கும் இந்த நெறி, பிற்காலத் தரவுப் பாதுகாப்பு முழுவதற்கும் அடித்தளம் என்று கூறலாம்.

1973இல் நிறுவப்பட்டு 1977இல் இயங்கத் தொடங்கிய ஸ்விஃப்ட் என்னும் வங்கிச் செய்தி வலையமைப்பு, இச்சோதனையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. அதன் பலவீனம் 2016 பிப்ரவரியில் வெளிப்பட்டது. வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் அவ்வங்கியின் பெயரிலேயே நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு ஆணைகள் அனுப்ப, 81 மில்லியன் டாலர் பிலிப்பீன்சுக்குச் சென்று சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் டாலரோ, பெறுநர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையை இடைப்பட்ட வங்கி கவனித்து ஐயுற்றதால் தடுக்கப்பட்டது. உரிய மறைச்சொல்லுடன் வந்ததை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. படித்துப் பார்த்த மனிதரே நிறுத்தினார். 2018 மார்ச்சில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் போலி ஸ்விஃப்ட் செய்திகளால் குறிவைக்கப்பட்டது. முயற்சி கண்டறியப்பட்டு, இழப்பின்றி முறியடிக்கப்பட்டது.

மலேசியச் சட்டம் முதலில் கவனம் செலுத்தியது அத்துமீறுபவர் மீதே. 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவோருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. மறைச்சொல்லை உரிமையற்றவரிடம் தெரிவிப்பதையும் அது தனிக் குற்றமாக்கியது. அதே ஆண்டில் இணையத் தாக்குதல்களுக்கு உடனடி உதவி வழங்கும் மைசெர்ட் குழு அமைந்தது; 2007இல் சைபர்செக்யூரிட்டி மலேசியா என்ற நிறுவனம் உருவானது. ஆனால் கவனக்குறைவால் பிறருடைய விவரங்களைப் பறிகொடுத்த நிறுவனத்தைக் கேள்வி கேட்க 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை.

அவ்விடத்தை நிரப்ப வந்தது 2010இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பிறருடைய விவரத்தை வணிகத்துக்காக வைத்திருப்பவர் அதனை இழப்பு, திருட்டு, தவறான பயன்பாடு ஆகியவற்றிலிருந்து காக்க வேண்டும் என்று அது விதித்தது. பேரேட்டில் இடம்பெற்றவருக்கும் உரிமை உண்டு என்பதைச் சட்டம் இவ்வகையில் முதன்முறையாக ஏற்றது. ஆயினும் மத்திய, மாநில அரசுகளுக்கு விலக்களித்ததும், தரவு களவு போனால் உரியவருக்குத் தெரிவிக்கும் கடமையை விதிக்காததும் பெருங்குறைகளாகவே நின்றன. 2017 அக்டோபரில் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது வெளியானபோது, அவற்றுள் பல 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையையே விஞ்சிய எண்ணிக்கையில் விவரங்கள் வெளியேறியும், அவற்றுக்கு உரியவர்கள் அதனைச் செய்தியின் வழியே அறிய நேர்ந்தது என்பது சட்டத்தின் போதாமைக்குப் போதிய சான்று.

2024இல்தான் இணையத் தாக்குதல், தனிநபர் தரவு ஆகிய இரு முனைகளிலும் மாற்றம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 26 அன்று நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், வங்கி, எரிசக்தி, போக்குவரத்து உள்ளிட்ட 11 துறைகளின் இன்றியமையாத நிறுவனங்கள், தாக்குதல் நேர்ந்ததை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் முதல் விவரங்களை அளிக்க வேண்டும் என்ற கடமையை ஏற்படுத்தியது. அத்துறைகளுள் ஒன்றான போக்குவரத்தில், 2025 மார்ச்சில் மலேசிய விமான நிலையங்களின் கணினி அமைப்பைத் தாக்கியவர்கள் 10 மில்லியன் டாலர் கேட்டதையும், அரசு அதனை மறுத்ததையும் பிரதமர் அன்வார் இப்ராகிமே அறிவித்தார். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பிணைப்பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதல்களில், எங்கோ தனியே பாதுகாக்கப்பட்ட நகல்தான் நிறுவனத்தின் மறுப்புக்கு வலு சேர்க்கிறது.

சுங்கை பினாங்கின் கடைகளும் பட்டறைகளும் மருந்தகங்களும் பெரும்பாலும் அந்த 11 துறைகளின் இன்றியமையாத நிறுவனங்களாகக் கருதப்படுவதில்லை. அவற்றைப் பெரிதும் பாதிப்பது, வழக்கமாகச் சரக்கு தருபவரின் மின்னஞ்சலைப் போலவே எழுதி, “வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய எண்ணுக்குச் செலுத்துங்கள்” என்று கேட்கும் மோசடி. தந்திக் காலத்து வங்கி எழுத்தர் செய்த சோதனையே இதற்கும் மருந்து: மின்னஞ்சலில் தரப்பட்ட எண்ணை விட்டு, முன்பே அறிந்த எண்ணில் அழைத்துக் கேட்பதும், ஒருவர் பதிவுசெய்த பணப்பரிமாற்றத்தை மற்றொருவர் ஒப்புவதும் பெருஞ்செலவு எதுவுமின்றி இயலக்கூடியவை. பணம் போய்விட்டால், 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழைப்பதே அதனை வழியிலேயே முடக்குவதற்குள்ள வாய்ப்பாகும்.

சட்டப் பொறுப்போ இச்சிறு வணிகங்களை விடுவதாக இல்லை. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 300,000 ரிங்கிட்டிலிருந்து ஒரு மில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், 20,000 பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பதும் கட்டாயமானது. சிறுகடைக்கு அந்தக் கடமை பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் தரவுக் களவால் பாதிக்கப்பட்டோர் 1,000 பேரைத் தாண்டினால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி, நோயாளிகளின் பெயர்களை ஒற்றைக் கணினியில் வைத்திருக்கும் மருந்தகத்துக்கும், நகைச் சீட்டுக்குப் பணம் கட்டுவோரின் அடையாள அட்டை எண்களைக் குறித்துவைக்கும் நகைக்கடைக்கும் பொருந்தும்.