வேலிக்கு வந்த உண்ணிச்செடி

பறவைக்குப் பழம் தரும் செடியைத் தோட்டத்தில் வளர்ப்பது நல்ல காரியம்தான். எந்தச் செடி என்பதில்தான் வினை இருக்கிறது.

உண்ணிச்செடியின் தாயகம் தென், நடு அமெரிக்கா. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அதைக் கலப்பினம் செய்து, பல நிறங்களில் பூக்கும் வகைகளை உருவாக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. அழகுச்செடி, கூடவே வேலி! ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். இலையில் நஞ்சு இருப்பதால் ஆடுமாடு கடிக்காது. துரைமார் பங்களாக்களுக்கு வேறென்ன வேண்டும்?

கறுத்துப் பழுத்த பழங்களைக் கொண்டைக்குருவிகள் விழுங்கின. எச்சம் விழுந்த இடமெல்லாம் புதர் முளைத்தது. புல் மறைந்தது, மான்களுக்கும் யானைகளுக்கும் மேய்ச்சல் குறைந்தது. இன்று முதுமலைக் காட்டில் புதர்களை வேரோடு பிடுங்குகிறார்கள்.

ஹவாயிலும் இதே தொல்லைதான்; அங்கே 1902-லேயே இந்தச் செடியை அடக்க மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைத் தருவித்தார்கள். செடி முழுதாக அடங்கவில்லை.

இந்த உண்ணி வேலிக்கு மாறாக, கொங்குநாட்டில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி கிளுவைப் போத்துகளை நட்டு உயிர்வேலி வளர்த்தார்கள். நம் மண்ணின் முட்புதர்களான சூரை, காரை, கிளா ஆகியவையும் பறவைகளுக்குப் பழம் தருபவைதான். நாற்றங்கால்களில் அவற்றைக் கேட்டு வாங்குவோர் குறைவு என்பது வேறு கதை.

உண்ணிச்செடிக்கும் ஒரு பயன் கண்டிருக்கிறார்கள்: நீலகிரியில் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிக்குச்சிகளை வளைத்து நிஜ யானை அளவிலேயே யானை உருவங்கள் செய்கிறார்கள். 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன.