முற்றத்து வெளிச்சமும் பக்கத்துச் சுவரும்: தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் அண்டை வீட்டார்

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ கும்பகோணத்திலோ ஒரு பழைய வீட்டை இடித்த மறுநாள் போய்ப் பார்த்தால், அந்த வீட்டின் ஒரு பகுதி இன்னும் பக்கத்து வீட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்பது தெரியும். விளக்கு வைத்த மாடக்குழி, அதற்கு மேல் எண்ணெய்ப் புகை படிந்த கறுப்பு, உத்தரங்கள் நுழைந்திருந்த சதுரப் பொந்துகள், அறைக்கு அறை மாறும் சுண்ணாம்பின் நிறம் எல்லாம் வெயிலில் கிடக்கும். இடிபட்ட வீட்டுக்கு அதுதான் சுவர். இடிபடாத வீட்டுக்கும் அதுவேதான். பழைய கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை சொல்லுமிடத்தில் ‘பொதுச்சுவர்’ என்ற சொல் வருவது இதைக் குறித்துத்தான். பொதுச்சுவர் வீட்டிலிருந்து பக்கத்தில் இடம் விட்டுக் கட்டும் வீட்டுக்கு நாம் வந்து சேர்ந்த ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில், சட்டத்துக்குள் அண்டை வீட்டாருக்கு இருந்த இடம் என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தெருவோடு ஒட்டி வரிசையாக நிற்கும் தமிழ்நாட்டு வீடு அகலத்தில் குறைவு, நீளத்தில் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். பக்கச் சுவர்களில் ஜன்னல் கிடையாது. வெளிச்சமும் காற்றும் மழையும் முற்றத்தின் வழியாக மேலிருந்து வந்தன. ஆகவே வெளிச்சத்துக்காக யாரும் பக்கத்து வீட்டாரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சுவருக்காகத்தான் எதிர்பார்க்க வேண்டும். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கொத்தனார்கள் சொல்லும் தளத்தில், மர உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் இறங்கும். அவற்றின் மேல் செங்கல்லைக் குத்தாக, கோணத்தில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசுவார்கள். ஒரே சுவரின் இருபுறமும் இரண்டு குடும்பங்களின் கூரை உட்கார்ந்திருந்தது. மாடி எடுப்பதானாலும் சுவரைத் தொடுவதானாலும் அடுத்தவரைக் கேட்காமல் முடியாது. நல்லெண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டுமானமே அந்தப் பேச்சைக் கட்டாயமாக்கியது.

இந்த அமைப்புக்குள் 1882-இல் வந்தது இந்திய வசதியுரிமைச் சட்டம். வரைந்தவர் விட்லி ஸ்டோக்ஸ். சட்டம் முதலில் அமலானது சென்னை மாகாணத்திலும் மத்திய மாகாணங்களிலும் குடகிலும்தான். பம்பாய்க்கும் ஐக்கிய மாகாணங்களுக்கும் 1891-இல்தான் விரிந்தது. அதன் 15-ஆம் பிரிவுப்படி, ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் தடையின்றி 20 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால் அது உரிமையாகிவிடும். இங்கிலாந்தின் 1832-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்ட இந்த விதி ஜன்னலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முற்றத்து வெளிச்சம் சொந்த மனைக்குள்ளேயே இறங்குகிறது. அந்த வீட்டுக்கு இந்த விதியால் பெரிய பயன் எதுவும் இல்லை. பயன்பட்டிருக்கக்கூடியது அதே பிரிவில் உள்ள இன்னொரு சொல்: தாங்குதல். அடுத்த நிலமும் அதிலுள்ள கட்டுமானமும் என் கட்டடத்தை 20 ஆண்டுகள் தாங்கி நின்றால், அந்தத் தாங்குதலும் என் உரிமை.

இங்கே ஒரு விடுபாடு உண்டு. பின்னால் வந்த பல சிக்கல்களுக்கு அதுவே மூலம் என்று கருதுகிறேன். 1666 தீ விபத்துக்குப் பிறகு லண்டனுக்கென இயற்றப்பட்ட கட்டடச் சட்டங்கள் பொதுச்சுவருக்குத் தனி விதிகள் வகுத்துவந்தன. 1667, 1774, 1855 என்று வளர்ந்த அந்த மரபு இன்று 1996-ஆம் ஆண்டுச் சட்டமாக நிற்கிறது. பொதுச்சுவரில் கைவைக்க இரண்டு மாதங்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், அதன் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டினால் ஒரு மாதத்துக்கு முன். தகராறு வந்தால் அளவையாளர் தீர்த்துவைப்பார். இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து ஜன்னல் வெளிச்சம் நமக்கு வந்தது. பொதுச்சுவர் நடைமுறை வரவில்லை. வீடுகள் சுவரைப் பகிர்ந்து நின்ற ஊர்களுக்கு எது தேவைப்பட்டதோ அதுவே விடுபட்டது.

ஜன்னல் பற்றிய வழக்குகளிலும் இதே போக்குதான். புதிதாகத் திறந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் புழங்கும் இடம் தெரிகிறது என்ற முறையீடு 19-ஆம் நூற்றாண்டில் அடிக்கடி எழுந்தது. வழக்கத்தின் அடிப்படையில் அந்த மறைவை அலகாபாத் உயர்நீதிமன்றம் 1888-இல் உரிமையாக ஏற்றது. சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: தன் சுவரில் ஜன்னல் வைப்பது அவரவர் உரிமை. மறைத்துக்கொள்ள விரும்புபவர் தம் நிலத்தில் சுவர் எழுப்பிக்கொள்ள வேண்டியதுதான். இதையும் 20 ஆண்டு விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பவர் இருபதாம் ஆண்டில் தம் நிலத்தில் கட்டும் உரிமையில் ஒரு பகுதியை இழப்பார்; உடனே சுவர் வைத்து அடைப்பவர் இழக்கமாட்டார். முகம் முறித்துக்கொள்பவரைக் காத்து, விட்டுக்கொடுப்பவரைத் தண்டிக்கும் சட்டம் இது.

அடுத்த மாற்றத்தை நோய் கொண்டுவந்தது. 1896-இல் பம்பாயில் பரவிய பிளேக், நெருக்கமான வீடுகளே நோயின் வீடுகள் என்ற எண்ணத்தை அதிகாரிகளிடம் வலுப்படுத்தியது. 1898-இல் அங்கே நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவானது. கட்டடத்துக்குள் வெளிச்சம் விழும் கோணம் 63½ பாகை என்று கணக்கிட்டு, அதற்கேற்ப வெளியிடம் விடச் சொன்னது. வெளிச்சம் இப்போது அண்டை வீட்டாரோடு தீர்த்துக்கொள்ளும் விஷயமாக இல்லாமல், அரசு அளந்து கொடுக்கும் விஷயமாகிவிட்டது. சென்னை மாகாணத்துக்கு 1914-15-இல் வந்த நகரமைப்பாளர் பேட்ரிக் கெட்டிஸ் இதற்கு மாறாக யோசித்தவர். நெரிசலான தெருக்களை இடித்து நேர்கோட்டுச் சாலை போடும் திட்டத்துக்குப் பதிலாக, பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்து, சந்துகளைச் சற்றே விரித்து, மற்றவற்றைக் காப்பாற்றலாம் என்று தஞ்சாவூரை வைத்துக் காட்டினார். செலவும் குறைவு, வீடிழப்போரும் குறைவு. ஆனால் 1920-இல் வந்த சென்னை நகரமைப்புச் சட்டத்தின் பெரிய முயற்சிகள் புதுமனைப் பக்கமே போயின. மாம்பலத்து ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த தியாகராய நகர் அதற்குச் சான்று: தனித்தனி மனை, சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், நடுவில் வீடு. முற்றம் வீட்டுக்குள்ளிருந்து வெளியேறி வீட்டைச் சுற்றி நின்றது என்று சொல்லலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வடிவமே பெருமளவில் விதியானது. 1971-இல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 1972-இல் தொடங்கிய சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1974-இல் சட்டபூர்வ அமைப்பானது. அதன் முதல் முழுமைத் திட்டத்தின் வளர்ச்சி விதிகளில் பலருக்கும் மனப்பாடமான எண்கள் இரண்டு: சாதாரண மனையில் பக்க இடைவெளி 1.5 மீட்டர், தளப் பரப்புக் குறியீடு (மொத்தத் தளப் பரப்பு மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு இருக்கலாம் என்ற வரம்பு) 1.5. மேஸ்திரிகளின் பேச்சில் முதலாவது எண் ‘அஞ்சடி செட்பேக்’. கான்கிரீட் தூண்களும் இதே காலத்தில் பரவின. கூரையைத் தாங்கப் பொதுச்சுவர் தேவைப்படவில்லை. பழைய தெருக்களை விதி மறந்துவிடவில்லை. ‘தொடர் கட்டடப் பகுதி’ என்று வகைப்படுத்தி, அங்கே பக்க இடைவெளி வேண்டாம் என்றது. ஆனால் ஒட்டிக் கட்டும்போது நடுவிலுள்ள சுவருக்கு யார் பொறுப்பு என்பதற்கு ஒரு நடைமுறையை வகுக்கவில்லை.

அந்த ஐந்தடியில் இன்று என்னென்ன இருக்கிறது என்று ஏதாவது ஒரு குடியிருப்புத் தெருவில் நின்று பார்க்கலாம். தலைக்கு மேல் சன்ஷேடும் அதிலிருந்து சொட்டும் ஏசி தண்ணீரும். கீழே போர்வெல் மோட்டார், கழிவுநீர்த் தொட்டியின் மூடி, மாடிக்கு ஏறும் இரும்புப் படி. காற்றுக்காக விட்ட இடத்தில் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டுமே மூடியிருக்கும், ஏனென்றால் திறந்தால் ஒருவர் சமையலறை இன்னொருவர் படுக்கையறைக்குள் இருக்கும். ஐந்தடியே நாலடியாகி மூன்றடியான இடங்களும் ஏராளம். வரைபடத்தில் இருப்பது அலுவலகத்துக்கு, கட்டுவது நமக்கு என்ற வழக்கம் ஊறிப்போய்விட்டது.

அந்த வழக்கத்தை அரசே மன்னித்தது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவு, விதி மீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்த வழிசெய்தது; 2000, 2001, 2002 ஆண்டுகளில் காலக்கெடு நீண்டுகொண்டே போனது. 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் 1998 திருத்தத்தை ஏற்று, பின்வந்த நீட்டிப்புகளைச் செல்லாதென்றது. 2012-இல் 113-சி என்ற இன்னொரு பிரிவு வந்தது. இதில் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. மீறலால் வெளிச்சத்தையும் காற்றையும் இழந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். அதற்கான கட்டணம் போய்ச் சேர்ந்தது அரசிடம்.

2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், ஊருக்கு ஒன்றாகக் கிடந்த பழைய விதிகளை ஒரே நூலாக்கின. தளப் பரப்புக் குறியீடு 2 ஆனது. உயர்கட்டட வரம்பு 15.25 மீட்டரிலிருந்து 18.30 மீட்டருக்கு உயர்ந்தது. 12 மீட்டர் உயரத்துக்குள், மூன்று வீடுகளுக்கும் 750 சதுர மீட்டருக்கும் மிகாத குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்று தேவையில்லை என்றது. 2024 ஜூலையில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ ஒரு மாடியோ கட்டுபவர்கள் சுயசான்றின் பேரில் இணையத்தில் உடனே அனுமதி பெறலாம் என்றானது. அலைச்சலும் கைமாறும் பணமும் குறைவது நிச்சயமாக நல்லது. ஆனால் கட்டும் முன் பார்க்க ஆளில்லை, கட்டி முடித்தபின் பார்க்கவும் ஆளில்லை என்றால், மீறலை முதலில் காண்பவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரே. வீட்டு அனுமதியில் அவருக்கு அறிவிப்பு அனுப்பும் நடைமுறை கிடையாது. அவர் மனு எழுதலாம். உரிமையியல் நீதிமன்றம் போகலாம். அங்கே அவர் கையில் இருக்கப்போவது பெரும்பாலும் அதே 1882 சட்டம். வீடு கட்டி 20 ஆண்டு ஆகவில்லை என்றால் அதன் 15-ஆம் பிரிவும் கை கொடுக்காது.

தொடர் கட்டடப் பகுதிகளில் இந்தக் குறை இன்னும் கூர்மையானது. பழைய வீட்டை இடித்து அடுக்கு வீடு கட்டுகிறார்கள். உத்தரத்தை உருவிய பொந்து வழியாக முதல் மழையிலேயே அடுத்த வீட்டுக்குள் நீர் இறங்குகிறது. தார்ப்பாய் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அந்தக் கட்டுமானத்தில் எந்தத் தரப்பும் இல்லை. அனுமதி விண்ணப்பத்தோடு ஏற்கெனவே பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் பதிவேற்றுகிறோம். பொதுச்சுவர் உள்ள மனை என்றால், இடிப்பதற்கு 60 நாள் முன்பு பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த அறிவிப்பின் நகலும், இருவரும் சேர்ந்து நின்று எடுத்துக் கையெழுத்திட்ட சுவரின் படங்களும், ஈரம் புகாமல் அந்தச் சுவரைப் பூசித் தருவது யார் செலவு என்ற ஒரு பக்க ஒப்பந்தமும் அந்த வரிசையில் சேர வேண்டும்.