கல்கத்தாவின் பெயரில் கொஞ்சம் பழனி

1958 மார்ச் 5. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு ஜாஸ் கச்சேரி வாசித்தது. அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் அந்தக் கச்சேரியைப் பதிவுசெய்து இசைத்தட்டாக வெளியிட்டது. அதில் ‘வட்டூசி டிரம்ஸ்’ மட்டுமாவது கேட்டுப் பாருங்க. டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோவுக்குப் பிறவியிலேயே கண்பார்வை மங்கல். சிறுவயதில் வயலின் வாசித்தவர். தோலை அடிக்கிறவர் மாதிரி இல்லை, தோலோடு பேசுகிறவர் மாதிரி வாசிக்கிறார்.

கோபன்ஹேகனோடு பயணம் முடியவில்லை. பனிப்போர்க் காலம், ஜாஸைத் தூது அனுப்பினால் நாடுகள் நம் பக்கம் சாயும் என்று அமெரிக்க அரசு கணக்குப் போட்டிருந்தது. அரசு செலவில் போலந்து, துருக்கி, இலங்கை, பாகிஸ்தான், ஈரான், ஈராக் என்று சுற்றிய குழு சென்னைக்கும் வந்தது. அங்கே மொரெல்லோவோடு உட்கார்ந்து வாசித்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை.

பழனி இன்று திண்டுக்கல் மாவட்டம். அன்று மதுரை ஜில்லா. அப்பா பழனி முத்தையா பிள்ளை வழியாக வந்த ஊர்ப்பெயர் அது. சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். கேட்க சின்ன விஷயம்தான். ஆனால் கச்சேரி மேடையில் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும். இடக்கைக்காரர் வந்தால் வயலின்காரர் தன் இடத்தை விட்டு எதிர்ப்பக்கம் போக வேண்டும். எல்லோருக்கும் அதற்கு மனசு வரவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் கூப்பிட்டு உட்காரவைத்ததால்தான் இவர் மேலே வந்தார். தொப்பியில் அவர் வரவழைத்த கும்கியை லயக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

ஊர் திரும்பிய குழு அந்தப் பயணத்தின் நினைவாக அதே ஆண்டு ஸ்டுடியோவில் ஒரு இசைத்தட்டு செய்தது: ‘ஜாஸ் இம்ப்ரஷன்ஸ் ஆஃப் யுரேசியா’. மொத்தம் ஆறு உருப்படிகள். போலந்துக்கு ஒன்று, இஸ்தான்புல்லுக்கு ஒன்று, லண்டனுக்குக்கூட ஒன்று. இந்தியாவின் பங்குக்கு ‘கல்கத்தா ப்ளூஸ்’. சென்னை இல்லை. ஆனால் அந்தக் கல்கத்தாவில் மொரெல்லோ குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலாலும் உள்ளங்கையாலும் வாசிக்கிறார். எனக்கு அங்கே கேட்பது ஹூக்ளி நதிக்கரை அல்ல.

இதை ரொம்பவும் இழுக்கக் கூடாது. மறு வருஷம் வந்த ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் நடக்கிறது என்பதற்காக, கண்ட நடையை நாம்தான் கொடுத்தோம் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். வேண்டாம். அதே தட்டின் ‘ப்ளூ ரோண்டோ’வுக்கு ஒன்பது எண்ணிக்கை துருக்கித் தெருக்களில் கிடைத்தது என்று புரூபெக்கே சொல்லியிருக்கிறார். பழனியின் கணக்கில் அதையெல்லாம் எழுத முடியாது. என் மனத்தாங்கல் வேறு: அரசாங்கம் தூதனுப்பிய கலைஞன் பெயர் தட்டின் உறையில் இருக்கிறது; ஊரில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தவன் ஒரு உருப்படியின் தலைப்பாகக்கூட ஆகவில்லை.

சுப்பிரமணிய பிள்ளை 1962இல் இறந்தார். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971இல் கனடா போய், டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சங்கரன் வலக்கைக்காரர்.