எரிவாயு பாய்லர் பராமரிப்பு (வால்தம்ஸ்டோ)

வடகிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோவில், நூறாண்டு தாண்டிய வரிசை வீடுகள் பலவற்றைக் குளிர்காலத்தில் சூடாக்குவது சுவரில் தொங்கும் எரிவாயு பாய்லர்.

வீட்டார் தொடக்கூடியது கொஞ்சம்தான்: வெளிமூடியைத் துடைப்பது, ரேடியேட்டரில் அடைபட்ட காற்றைச் சிறு சாவியால் திறந்துவிடுவது, அழுத்தமானியைப் பார்ப்பது. பாய்லர் ஆறியிருக்கும்போது அதன் முள் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். உறைபனியில் வெளிக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான நீர் ஊற்றலாம், கொதிநீர் கூடாது.

உள்ளே பர்னரைச் சுத்தம் செய்வது 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவரின் வேலை. 2009 ஏப்ரலில் 'கோர்கி' என்ற பழைய பதிவேட்டுக்குப் பதிலாக வந்த பதிவேடு அது. வாடகை வீடுகளுக்கு ஆண்டுச் சோதனை சட்டப்படி கட்டாயம். 2022 அக்டோபர் முதல் அவ்வீடுகளில் பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம்.

வாயு நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்து, வெளியேறி 0800 111 999 எண்ணை அழைக்க வேண்டும்.