மெட்டு அவளுடையது

1960இல் நியூயார்க்கின் பிராட்வே சாலையில், 1650ஆம் எண் கட்டடத்தில் ஆல்டன் மியூசிக் என்ற பாடல் வெளியீட்டு நிறுவனம் இயங்கியது. அங்கே பியானோ வைத்த சிற்றறைகளில் இளம் பாடலாசிரியர்கள் இணை இணையாக உட்கார்ந்து, பதின்வயதினர் வாங்கும் இசைத்தட்டுகளுக்குப் பாட்டு கட்டினார்கள். அவர்களில் ஒருவர் கரோல் கிங். வயது 18, கைக்குழந்தைக்காரி. மெட்டு அவருடையது. வரிகளை அவருடைய கணவர் ஜெரி காஃபின் எழுதுவார்.

ஷிரெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழுவுக்காக அந்த ஆண்டு கிங் ஒரு மெட்டை டேப்பில் பதிந்து வைத்தார். காஃபின் அதற்கு வரிகள் எழுத, 'வில் யூ லவ் மீ டுமாரோ' உருவானது. இன்றிரவு காட்டும் அன்பு விடிந்த பிறகும் இருக்குமா என்று ஓர் இளம்பெண் காதலனைக் கேட்கும் பாட்டு. அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்ததும் அதே 1960இல்தான். மணமாகாத பெண் வெளியே சொல்லக் கூடாததை வானொலி வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1961 ஜனவரியில் அது பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை.

அந்தக் கேள்வி யாருடைய குரல்? தலைவி கூற்றைப் பெரும்பாலும் ஆண் புலவர்கள் எழுதிய மரபில் படித்துவந்த நமக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. ஆனால் இங்கே மெட்டு முந்தியது. அந்தத் தயக்கத்தையும் ஆசையையும் சொல் வருவதற்கு முன்பே ஒரு பெண் இசையில் வைத்துவிட்டாள். பாட்டில் பெண் எங்கே இருக்கிறாள் என்று தேடும்போது வரிகளை மட்டும் படித்தால் கிங் கண்ணில் படமாட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர்களுடைய குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஈவா பாய்ட், காதலன் தன்னை அடிப்பதை அன்பின் அடையாளமாகச் சொன்னார். அதிலிருந்து 1962இல் இருவரும் எழுதிய பாட்டு, அடியையே காதலாக்கியது. கிறிஸ்டல்ஸ் குழு பாடிய அந்த இசைத்தட்டுக்கு எதிர்ப்பு எழுந்தது. தானே மணவாழ்வில் அடிபட்டதைப் பின்னாளில் வெளிப்படையாக எழுதிய கிங், அந்தப் பாட்டில் தமக்குப் பங்கிருந்ததற்கு வருந்தினார். அவர் வருந்தியது சரியே. வன்முறையை இனிக்கச் செய்வதில் மெட்டுக்கும் பொறுப்பு உண்டு.

மணமுறிவுக்குப் பின் இரண்டு மகள்களுடன் கிங் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். அதுவரை பெரும்பாலும் பிறர் குரலுக்கு எழுதிப் பழகியவர் தன் குரலில் பாடத் துணிந்தார். 1971இல் வெளிவந்த 'டாபெஸ்ட்ரி' தொகுப்பு 15 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. மறு ஆண்டு ஒரே இரவில் நான்கு கிராமி விருதுகள் கிடைத்தன. அத்தொகுப்பின் 'இட்ஸ் டூ லேட்' பாட்டுக்கு வரிகள் தந்தவர் டோனி ஸ்டெர்ன் என்ற பெண். உறவு முடிந்துவிட்டதை யார்மீதும் பழிபோடாமல் அதில் ஒரு பெண் சொல்கிறாள்.

ஷிரெல்ஸ் பாடிய பழைய பாட்டையும் கிங் அத்தொகுப்பில் சேர்த்தார். வேகத்தைக் குறைத்து, பியானோவோடு, தானே பாடினார். 1960இல் பதில் தெரியாத பெண்ணின் கேள்வியாக இருந்தது, இப்போது பதில் தெரிந்தபின்னும் கேட்கப்படும் கேள்வியாக ஒலிக்கிறது.